பாரிஸ்–அல்ஜியர்ஸ்: தூதர் இல்லாத தூதரக உறவு எப்படி நடக்கிறது?

2025 ஏப்ரல் 14 அன்று, அல்ஜியர்ஸில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் பணியாற்றிய 12 பேர் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அல்ஜீரிய அரசு உத்தரவிட்டது. மறுநாளே பிரான்ஸ், தன் மண்ணில் பணியாற்றிய அல்ஜீரியத் தூதரக, துணைத் தூதரக அலுவலர்கள் 12 பேரை வெளியேறச் சொன்னதோடு, அல்ஜியர்ஸில் இருந்த தன் தூதர் ஸ்தெஃபான் ரோமாத்தேயையும் ஆலோசனைக்காக பாரிஸுக்கு அழைத்துக்கொண்டது. இந்த வெளியேற்றப் போட்டியின் எண்ணிக்கைதான் உலகச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. அல்ஜீரியா வெளியேற்றிய அந்த 12 பேரும் பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தின் ஊழியர்கள் என்ற விவரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்த இரு நாடுகளின் உறவில் ஏன் இத்தனை முறை தூதர்கள் திரும்பிப் போகிறார்கள், போன பிறகும் உறவு ஏன் அறுந்துவிடவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சிறு விவரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டில் தூதரகம் வைப்பது வெளியுறவு அமைச்சகத்தின் வேலை என்பதே பொது வழக்கம். பிரான்சுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையில் அந்த வழக்கம் முழுமையாக நிலைபெறவே இல்லை. ஆட்கள் வருவதும் போவதும், குடியிருப்பு உரிமை, நாடு கடத்தல், விசா என்று இரு தலைநகரங்களும் மோதிக்கொள்ளும் விஷயங்களில் பெரும்பாலானவை பிரெஞ்சு உள்துறையின் மேசையில் கிடப்பவை. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

1830க்கு முன்பு அல்ஜியர்ஸில் பிரான்சுக்கு ஒரு தூதரகப் பிரதிநிதி இருந்தார். 1790களில் பிரெஞ்சுப் படைகளுக்குக் கொடுத்த கோதுமைக்கான கடன் பல ஆண்டுகளாகத் தீர்க்கப்படாமல் கிடக்க, அதைப் பற்றி 1827 ஏப்ரலில் எழுந்த வாக்குவாதத்தில், அல்ஜியர்ஸின் ஆட்சியாளரான டே ஹுசைன் தம் கையிலிருந்த விசிறியால் பிரெஞ்சுப் பிரதிநிதி பியேர் டெவாலை அடித்தார். பிரான்ஸ் அதைத் தன் நாட்டுக்கே நேர்ந்த அவமதிப்பு என்று அறிவித்து, மூன்று ஆண்டுகள் துறைமுகத்தை முற்றுகையிட்டு, 1830 சூன் 14 அன்று படையை இறக்கியது. சூலை 5 அன்று நகரம் வீழ்ந்தது. பிரெஞ்சு மன்னராட்சிக்கு உள்நாட்டில் ஒரு வெற்றி தேவைப்பட்டதும் படையெடுப்புக்குக் காரணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும், ஒரு தூதரகப் பிரதிநிதியின் மீது விழுந்த அடி ஒரு நாட்டின் 132 ஆண்டு அடிமை வாழ்வுக்குச் சாக்காக அமைந்தது என்பதை அல்ஜீரியர்கள் பள்ளிப்பாடத்திலேயே படித்து வளர்கிறார்கள். 1962இல் சுதந்திர நாளாக அவர்கள் அதே சூலை 5ஐத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலன்று.

1848இல் பிரான்ஸ் வடக்கு அல்ஜீரியாவைத் தன் மூன்று மாவட்டங்களாக அறிவித்தது. துனிசியாவும் மொராக்கோவும் பாதுகாப்புப் பகுதிகளாக இருந்ததால் அவற்றின் விவகாரங்களை வெளியுறவு அமைச்சகம் கவனித்தது. அல்ஜீரியா உள்துறையிடம் போயிற்று. 1954 நவம்பரில் விடுதலைப் போர் வெடித்தபோது “அல்ஜீரியா என்றால் பிரான்ஸ்” என்று பேசியவர் அன்றைய உள்துறை அமைச்சர், பின்னாளில் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரான். ஆக, 1962 மார்ச் 18 அன்று அந்தப் போரை முடிவுக்குக் கொண்டுவந்த எவியான் உடன்பாடு கையெழுத்தாகி, அந்த ஆண்டு சூலையில் ழான்-மார்செல் ழானெனே முதல் பிரெஞ்சுத் தூதராகப் பொறுப்பேற்றபோது, நேற்றுவரை தன் மாவட்டமாக இருந்த நிலத்துக்கு பிரான்ஸ் தூதர் அனுப்ப வேண்டியதாயிற்று. பழக்கம் ஒரே கையெழுத்தில் மாறிவிடாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு என்பதால் இடையில் ஒன்று சொல்லிவிடலாம். புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே மாதமே கையெழுத்தாகிவிட்டது. ஆனால் அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருக்கையில் வேறொரு நிலப்பகுதியை விட்டுக்கொடுத்ததாகத் தெரிவதை பாரிஸ் விரும்பவில்லை. எவியானுக்குப் பிறகே பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் தங்கள் ஆவணங்களுக்காகப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தை நாடுவது அந்த ஆண்டின் தொடர்ச்சிதான். பிரெஞ்சு ஆட்சி நீங்கிய நிலங்களில் தூதரக முத்திரை ஒரு குடும்பத்தின் வாழ்க்கையோடு எவ்வளவு நெருக்கமானது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தூதரைத் திரும்ப அழைப்பதில் உள்ள படிகள்

தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் அரசதந்திர வழக்கமும் சேர்ந்து, நாடுகளுக்கிடையிலான கோபத்துக்கும் படிகள் வகுத்துக் கொடுத்திருக்கின்றன. மிக மென்மையான படி, எதிர்நாட்டுத் தூதரை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரவழைத்து எதிர்ப்பைத் தெரிவிப்பது. அடுத்தது, தன் தூதரை ஆலோசனைக்காக அழைத்துக்கொள்வது. அவர் பதவியில் நீடிக்கிறார், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். அதற்கும் மேலே, தூதரையே விலக்கிக்கொண்டு, கீழ்நிலை அதிகாரி ஒருவரைப் பொறுப்புத் தூதராக வைத்து அலுவலகத்தை நடத்துவது. அதன்பின் உறவை முறிப்பது. எந்தக் காரணமும் சொல்லாமலேயே ஒரு தூதரக அதிகாரியை விரும்பத்தகாதவர் என்று அறிவித்து அனுப்பிவிடும் உரிமை எல்லா நாடுகளுக்கும் எந்நேரமும் உண்டு.

அல்ஜீரியா கடந்த சில ஆண்டுகளில் இந்தப் படிகளில் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறது. 2020 மே மாதம், அல்ஜீரிய மக்கள் போராட்டம் பற்றிய ஆவணப்படம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது தூதரை அழைத்துக்கொண்டது. 2021 அக்டோபரில், பிரெஞ்சு ஆட்சிக்கு முன்பு அல்ஜீரியா என்றொரு தேசம் இருந்ததா என்ற தொனியில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் எமானுவல் மக்ரோன் பேசியது வெளியானதும் மறுபடி அழைத்ததோடு, பிரெஞ்சு இராணுவ விமானங்களுக்குத் தன் வான்வழியையும் மூடியது. தூதர் 2022 சனவரியில்தான் திரும்பினார். 2023 பிப்ரவரியில், அல்ஜீரியாவைவிட்டு வெளியேறத் தடைவிதிக்கப்பட்டிருந்த செயற்பாட்டாளர் ஒருவர் துனிசியா வழியாக பிரான்ஸ் போய்ச் சேர்ந்தபோது இன்னொரு முறை. இவை எல்லாமே இரண்டாவது படியோடு நின்றன, சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்தன.

2024 சூலை 30 வேறு வகை. மொராக்கோ தனதென்று கோரும், அதன் விடுதலை இயக்கத்தை அல்ஜீரியா ஆதரிக்கும் மேற்கு சஹாராவின் நிகழ்காலமும் எதிர்காலமும் மொராக்கோவின் இறையாண்மைக்குள் அடங்கும் என்று மன்னர் ஆறாம் முகமதுவுக்கு மக்ரோன் எழுதிய கடிதம் வெளியான அன்றே, அல்ஜீரியா தன் தூதர் சயீத் மூசியை உடனடியாக விலக்கிக்கொள்வதாகவும், இனிப் பொறுப்புத் தூதரே பாரிஸில் தன்னைப் பிரதிநிதித்துவப்படுத்துவார் என்றும் அறிவித்தது. அதே ஆண்டு மூசி போர்த்துகலுக்குத் தூதராக நியமிக்கப்பட்டார். பாரிஸில் அவர் விட்டுப்போன இடத்தை விரைவில் நிரப்பும் எண்ணம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஸ்பெயினோடு நடந்ததை அருகில் வைத்துப் பார்த்தால் அல்ஜீரியாவின் கணக்கு விளங்கும். 2022 மார்ச்சில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் இதே மேற்கு சஹாரா விஷயத்தில் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தை ஆதரித்தபோதும் அல்ஜீரியா தூதரை அழைத்துக்கொண்டது, சூன் மாதம் 2002ஆம் ஆண்டின் நட்புறவு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, வர்த்தகம் முடங்கியது. ஆனால் பெனி சாஃப் கடற்கரையிலிருந்து அல்மேரியா நோக்கிச் செல்லும் மெட்காஸ் குழாயில் எரிவாயு தொடர்ந்து ஓடியது. ஸ்பெயின் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தும் 2023 நவம்பரில் அல்ஜீரியா புதிய தூதரை மாத்ரிதுக்கு அனுப்பிவிட்டது. மாத்ரிதோடு இருந்தது ஒரு கொள்கைச் சண்டை; நாள்பட்டதும் ஆறியது. பாரிஸோடு உள்ள சண்டை அப்படி ஆறாததற்குக் காரணம் துணைத் தூதரகங்களில் இருக்கிறது.

பதினெட்டு அலுவலகங்கள்

அல்ஜீரியத் தூதரகம் பாரிஸின் எட்டாம் வட்டாரத்தில், லிஸ்போன் தெருவில் இருக்கிறது. பிரான்சில் வாழும் அல்ஜீரியர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கட்டடத்தில் எந்த வேலையும் இல்லை. அவர்களுக்கான அரசு மார்செய், லியோன், லீல், ஸ்திராஸ்பூர்க், பொபினி, கிரெத்தேய், நான்தேர் என்று நாடு முழுக்கப் பரவியிருக்கும் 18 துணைத் தூதரகங்களில்தான் இருக்கிறது. பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிரான்சில் குடியேறியவர்களில் சுமார் 9 லட்சம் பேர் அல்ஜீரியாவில் பிறந்தவர்கள். பிறந்த நாட்டின் அடிப்படையில் இதுவே மிகப் பெரிய தொகுப்பு. குழந்தையின் பிறப்பைப் பதிவது, பாஸ்போர்ட் புதுப்பிப்பது, அல்ஜீரியத் தேர்தலில் வாக்களிப்பது எல்லாம் இந்த அலுவலகங்களில்தான். மார்செய்யில் ஒரு முதியவர் இறந்து, சொந்த ஊரில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருந்தால், உடலைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றும் முன் குடும்பத்தார் துணைத் தூதரகத்தின் அனுமதித் தாளைப் பெற்றாக வேண்டும். துக்க வீட்டிலிருந்து ஒருவர் வந்து அந்த முகப்பில் நிற்கும்போது, மேற்கு சஹாரா யாருடையது என்ற கேள்விக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதே அலுவலகங்கள் பிரெஞ்சு உள்துறைக்கும் தவிர்க்க முடியாதவை. பிரான்சைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிடப்பட்ட ஒருவரிடம் பாஸ்போர்ட் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவரை விமானத்தில் ஏற்ற முடியாது. தடுப்பு மையத்தில் வைத்து, அவர் தன் நாட்டவரா என்று பார்க்க அல்ஜீரியத் துணைத் தூதரக அதிகாரியை பிரெஞ்சு நிர்வாகம் கேட்கும். அதிகாரி நேரில் விசாரித்து, ஆம் என்றால், ஒரே பயணத்துக்குச் செல்லுபடியாகும் ஒரு தாளைக் கொடுப்பார். அந்தத் தாள் இருந்தால்தான் நாடு கடத்தல். பொதுவாகத் தடுப்புக்காவலின் உச்சவரம்பு 90 நாள். அதற்குள் தாள் வரவில்லையென்றால் அவரை வெளியே விட வேண்டும். ஆகவே பிரெஞ்சு அரசின் மிகக் கடுமையான உள்நாட்டு அதிகாரங்களில் ஒன்று, வேறொரு அரசின் கீழ்நிலை அதிகாரி போடும் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரி 22 அன்று முல்ஹூஸ் நகரில் கத்தியால் ஒருவரைக் கொன்றதாகப் பிடிபட்டவர், பிரான்ஸ் பல முறை திருப்பி அனுப்ப முயன்றும் அல்ஜீரியா ஏற்றுக்கொள்ளாத நபர் என்று பிரெஞ்சு அரசு சொன்ன பிறகு, அந்தக் கையெழுத்து ஒரு தேசியப் பிரச்சினையாயிற்று. அன்றைய உள்துறை அமைச்சர் புருனோ ரெத்தாயோ அதை அரசியல் மேடைக்கே கொண்டுவந்தார். அல்ஜீரியாவோ, மிரட்டலுக்கும் கெடுவுக்கும் பணிய முடியாது என்றது.

ஏப்ரல் வெளியேற்றங்களுக்குத் தீ மூட்டியதும் ஒரு துணைத் தூதரக வழக்குத்தான். பிரான்சில் அடைக்கலம் பெற்ற அல்ஜீரிய அரசு எதிர்ப்பாளர் ஒருவர் 2024இல் கடத்தப்பட்டு விடுவிக்கப்பட்ட சம்பவத்தில், கிரெத்தேய் துணைத் தூதரக ஊழியர் ஒருவர் உட்பட மூவர் மீது பாரிஸ் நீதித்துறை குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. தூதரகத்தில் பணியாற்றும் அரசதந்திரிக்கு 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை முழுமையான குற்றவியல் விலக்கு அளிக்கிறது. துணைத் தூதரகப் பணியாளர்களை ஆளும் 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை அவ்வளவு தாராளமானதன்று: விலக்கு அவர்களுடைய அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே, கடுங்குற்ற வழக்கில் நீதித்துறையின் ஆணைப்படி துணைத் தூதரக அதிகாரியையே கைது செய்யலாம். பிரெஞ்சுத் தரப்பு அந்த வேறுபாட்டின் மீது நின்றது. தம் ஊழியரைத் தெருவில் வைத்துப் பிடித்தார்கள், முறைப்படி தூதரக வழியில் தெரிவிக்கவில்லை என்று அல்ஜீரியா வாதாடியது. பிடிபட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அதே உடன்படிக்கையில் இருப்பதால், அந்த வாதத்தை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் நீதிமன்றம் எடுத்த முடிவுக்கு உள்துறை ஊழியர்கள் 12 பேரை வெளியேற்றுவது பதிலாகாது. அல்ஜீரியா குறிவைத்தது நீதிபதியை அல்ல, ரெத்தாயோவை. அல்ஜீரிய அரசின் அறிக்கையும் பிரெஞ்சு உள்துறை அமைச்சரைத்தான் சாடியது.

அதன்பின் வந்த கோடை மாதங்களில், அரசதந்திரத்தின் அன்றாடச் சாமான்களே ஆயுதமாயின. மே மாதம், முறையான அறிவிப்பின்றிப் பணியமர்த்தப்பட்டதாகக் கூறி மேலும் பல பிரெஞ்சு அலுவலர்களை அல்ஜீரியா திருப்பி அனுப்பியது. அரசதந்திர பாஸ்போர்ட் வைத்திருந்த அல்ஜீரியர்களிடமும் பிரான்ஸ் விசா கேட்கத் தொடங்கியது. சூலையில், பாரிஸ் விமான நிலையங்களின் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் சென்று தூதரகத் தபால் பைகளை எடுக்க அல்ஜீரியத் தூதரக ஊழியர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்தப் பைகளைத் தடுக்கவோ திறக்கவோ கூடாது என்பது வியன்னா உடன்படிக்கையின் அடிப்படைகளில் ஒன்று. அல்ஜியர்ஸ் விளக்கம் கேட்டபோது, இது உள்துறையின் முடிவு, தனக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் பதிலளித்ததாக அல்ஜீரிய அரசு வெளிப்படையாகவே அறிக்கையிட்டது. ஒரு நாட்டின் தூதரகப் பையைப் பற்றிய முடிவே வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரியாமல் நடக்கிறது என்றால், அந்த நாட்டோடான உறவு யார் கையில் இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான்.

ஆகஸ்ட் 6 அன்று மக்ரோன் தம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், அரசதந்திர, அலுவல் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா விலக்கு அளித்த 2013ஆம் ஆண்டு உடன்பாட்டை முறைப்படி நிறுத்தி வைக்கச் சொன்னார். 2024 சனவரிக் குடியேற்றச் சட்டம் தந்த, ஒத்துழைக்காத நாட்டின் அதிகாரிகளுக்கு விசாவை மறுக்கும் அதிகாரத்தையும் பயன்படுத்தச் சொன்னார். மறுநாளே அல்ஜீரியா, நிறுத்தி வைப்பது எதற்கு, முழுமையாகவே விலகுகிறோம் என்று உடன்பாட்டை முறித்தது. அல்ஜீரிய அரசுக்குச் சொந்தமான கட்டடங்களை பிரெஞ்சுத் தூதரகம் கட்டணமின்றிப் பயன்படுத்திவந்த ஏற்பாட்டையும் முடித்துக்கொள்வதாகச் சொன்னது. இரு தரப்பும் தன்மானம் பேசின. ஆனால் புதிதாக நியமிக்கப்பட்ட அல்ஜீரியத் துணைத் தூதர்கள் பலர் பிரெஞ்சு அங்கீகாரம் கிடைக்காமல் காத்திருந்ததும், பிரெஞ்சுத் தரப்பில் ஆட்கள் குறைந்ததால் அல்ஜியர்ஸ், ஓரான், அன்னாபா ஆகிய மூன்று துணைத் தூதரகங்களும் தடுமாறியதும், கடைசியில் விண்ணப்பத்தோடு காத்திருப்பவர்கள் தலையில்தான் விடிந்தன. தாயைப் பார்க்கவும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் விசா கேட்கும் அல்ஜீரியர்கள் இவற்றில் எதையும் தீர்மானித்தவர்கள் அல்லர். ஓர் அரசு இன்னோர் அரசின் மீது கோபப்பட உரிமை உண்டு. அதற்குத்தான் தூதரைத் திரும்ப அழைக்கும் சடங்கே இருக்கிறது. அந்தச் சடங்கை விட்டுவிட்டுச் சாமானியர்களின் தாள்களைப் பிணையாக வைப்பதைத்தான் நான் இந்த மோதலின் ஆகக் கெட்ட திருப்பமாகக் கருதுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் உறவு முறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 24 அன்று மொராக்கோவோடு உறவை அல்ஜீரியா ஒரே அறிவிப்பில் முறித்தது. அப்போதும் துணைத் தூதரகங்கள் இயங்கும் என்று சேர்த்தே சொன்னது. பிரான்ஸ் விஷயத்தில் அந்த அளவுக்கும் போகவில்லை. 1973 டிசம்பர் 14 அன்று மார்செய்யில் அல்ஜீரியத் துணைத் தூதரகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு நால்வர் இறந்தபோதும் போகவில்லை. 1994 ஆகஸ்டில் அல்ஜியர்ஸில் பிரெஞ்சு அலுவலர் குடியிருப்பு தாக்கப்பட்டு ஐந்து பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்பட்டு, விசா வேலையே பல ஆண்டுகள் பிரான்சின் நான்த் நகருக்கு மாற்றப்பட்டபோதும் போகவில்லை.

2025 அக்டோபரில் ரெத்தாயோ அமைச்சரவையிலிருந்து விலகி, லோரான் நூனியெஸ் உள்துறைக்கு வந்தார். நவம்பர் 12 அன்று, ஓராண்டாகச் சிறையில் இருந்த எழுத்தாளர் புவாலெம் சன்சாலுக்கு அல்ஜீரியத் தலைவர் அப்துல்மஜீத் தெபூன் மன்னிப்பு வழங்கினார். அதைக் கேட்டுப் பெற்றவர் ஜெர்மானியக் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர். சன்சால் போய் இறங்கியது பெர்லினில். தன் குடிமகனுமான ஒருவரை விடுவிக்க பிரான்சுக்கு மூன்றாம் நாட்டின் வாய் தேவைப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், அல்ஜீரியர்களின் குடியேற்றத்துக்குத் தனி விதி வகுத்த 1968ஆம் ஆண்டு உடன்பாட்டைக் கைவிடக் கோரும் தீர்மானம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 185க்கு 184 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியிருந்தது. அதற்குச் சட்ட வலிமை இல்லை என்றாலும், அடுத்து யார் ஆண்டாலும் இந்த விவகாரம் உள்துறைப் பேச்சாகவே இருக்கப்போகிறது என்பதற்கு அது சான்று.

2025 இறுதியில் இருந்த நிலையிலிருந்து தூதர்கள் திரும்புவது என்றால், இரு பக்கமும் செய்ய வேண்டியது ஒரே அளவு வேலையன்று. ரோமாத்தே ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் மட்டுமே. அவர் பதவியில் இருக்கும்வரை எந்த நடைமுறையும் இன்றி விமானம் ஏறலாம். அல்ஜீரியாவோ பாரிஸுக்குப் புதிய ஒருவரைத் தேர்ந்து, அவர் பெயரை பிரெஞ்சு அரசுக்கு அனுப்பி, இசைவு பெற்று, அவரைப் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு நியமனப் பத்திரத்தோடு அனுப்ப வேண்டும். மேற்கு சஹாராக் கடிதத்தை பிரான்ஸ் திரும்பப் பெறாத நிலையில் அப்படி ஒரு பெயரை அனுப்புவது, மாத்ரிதுக்கு அனுப்பியதைப் போன்ற ஒரு விட்டுக்கொடுப்பாகவே உள்நாட்டில் வாசிக்கப்படும் என்பது தெபூனுக்குத் தெரியும். அதற்கு முன்னதாகவே நடக்கக்கூடியது, அரவமில்லாத ஒன்று: காத்திருக்கும் அல்ஜீரியத் துணைத் தூதர்களுக்கு பாரிஸ் அங்கீகாரம் கொடுப்பதும், வெளியேற்றப்பட்ட பிரெஞ்சு அலுவலர்களின் இடத்துக்கு வேறு ஆட்களை அல்ஜியர்ஸ் ஏற்பதும். இதற்குக் கைகுலுக்கலோ கூட்டறிக்கையோ தேவையில்லை. இரு அமைச்சகங்களின் இடைநிலை அதிகாரிகள் பேசி முடிக்கலாம்.